முப்பத்தோராவது நிமிடம் வரை

முப்பத்து நான்கு வருடம் வார்டில் வேலை பார்த்தவளுக்கு ஒரு தடவைகூடக் குமட்டியதில்லை. அழுகிய புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடுவாள், கையை அலம்புவாள், அதே கையால் பிஸ்கட்டை எடுத்துக் கடிப்பாள். பக்கத்தில் நிற்கும் புது நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். "உங்களுக்கு மூக்கே கிடையாதா சிஸ்டர்?" என்று டாக்டர்களே கேட்டிருக்கிறார்கள். "இருக்கு சார். டியூட்டி நேரத்துல அதுக்கு லீவு குடுத்துடுவேன்" என்பாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கடிகாரத்தம்மா என்று பெயர். எட்டு மணி மாத்திரை என்றால் எட்டு மணிக்கு. எட்டு ஐந்துக்கு அல்ல. ஷிப்டு மாறும்போது எழுதும் குறிப்பேட்டில் 'நோயாளி நன்றாக இருக்கிறார்' என்று மற்றவர்கள் எழுதிவிட்டுப் போவார்கள். இவள் '2.10க்கு வாந்தி, 2.25க்குத் தூங்கினார், 3.40க்கு எழுந்து மனைவியைத் திட்டினார்' என்று எழுதுவாள். "அந்தத் திட்டு எதுக்கும்மா குறிப்பில?" என்று ஒரு டாக்டர் சிரித்தார். "நேத்து வரைக்கும் அவரால திட்ட முடியல சார். இன்னிக்கு முடியுது" என்றாள். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போய் அந்த ஆளைப் பார்த்தார்.

நோயாளிகளிடம் அவளுக்கு இரண்டு பழக்கம் உண்டு. கேட்காததைச் சொல்ல மாட்டாள். கேட்டால் பொய் சொல்ல மாட்டாள்.

அப்படிப்பட்டவள், ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆன பிறகு, ஒரு வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, தன் வீட்டு முன்னறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

பாட்டு அவளுடைய அண்ணனுடையது.

அண்ணனுக்கு அறுபத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "நான்தான் கீபோர்டைக் கட்டிக்கிட்டேனே" என்பான். "அதனாலதான் அதுவும் ஒரு நாளும் சமைச்சுப் போடல" என்பாள் தங்கை. அவளுக்கு அறுபத்து மூன்று ஆகியும் அவன் வாயில் அவள் பாப்பாதான். அவளுடைய புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். ஒரே மகள் தூரத்து ஊரில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். ஆகவே ஒன்பது வருடமாக அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும்தான். அண்ணன் இடது பக்கம் செயலிழந்து சக்கர நாற்காலியில். தங்கை மற்ற எல்லா இடத்திலும்.

அதற்கு முன் அவன் ஒரு ஜாம் பேண்டில் கீபோர்டு வாசித்தான். ஜாம் பேண்டு என்றால் என்ன என்று அவளிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: "எதை வாசிக்கப் போறோம்னு அவங்களுக்கே தெரியாம மேடை ஏறுவாங்க." ஒருவர் ஏதோ ஒன்றைத் தொடங்குவார், மற்றவர்கள் ஒவ்வொருவராய்ச் சேர்ந்துகொள்வார்கள், ஒரு பாட்டு ஒரு மணி நேரம் ஓடும். அவள் ஒரே ஒரு தடவை போய்க் கேட்டாள். டியூட்டி முடிந்த களைப்பில் இரண்டாவது வரிசையிலேயே தூங்கிப்போனாள். விழித்தபோது அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. "நான் தூங்கறப்ப எங்கே விட்டீங்களோ அங்கேயேதான் நின்னீங்க" என்றாள். அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை.

அவர்களுக்கும் இரண்டு சட்டங்கள் உண்டு. கித்தார் வாசித்துப் பாடும் தலைவன், தாடி என்று எல்லோரும் கூப்பிடும் ஆள், தலையை ஆட்டும் வரை யாரும் நிறுத்தக் கூடாது. கூரை இடிந்தாலும் கூடாது. அடுத்தது, யாராவது தப்பாக வாசித்துவிட்டால் மற்றவர்கள் உடனே அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை வாசிக்க வேண்டும். மூன்றாவது தடவை அது தப்பாக இருக்காது, புதுப் பாட்டாகிவிடும். அண்ணன் இதைக் கண் மின்னச் சொல்வான். "ஆஸ்பத்திரியில தப்பை மூணு தடவை செஞ்சா போலீஸ் வரும்" என்பாள் அவள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒரு பெரிய மைதானத்தில் அவர்கள் வாசித்தார்கள். மறுநாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அவர்கள் தங்கியிருந்த லாட்ஜிலிருந்து அவளுக்குத் தாடி போன் செய்தான். "தங்கச்சி, உங்க அண்ணன் எழுந்திரிக்க மாட்டேங்கறான். ஒரு பக்கமா கிடக்கான்." தூக்கத்தில் வந்த பக்கவாதம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள். தூக்கத்தில் வந்தால் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாதவருக்கு அதைப் போட மாட்டார்கள். அண்ணனுக்கும் போடவில்லை.

அந்தச் சாயங்காலத்தில் பாதிக்கு மேல் அண்ணனுக்கு நினைவில்லை. ஆனால் ஒன்றை அவன் விடவே இல்லை: கடைசி நாள் நான் நன்றாக வாசித்தேன். மலச்சிக்கல் நாளிலும் அதைச் சொல்வான், காய்ச்சலிலும் சொல்வான், பார்க்க வந்த பிசியோதெரபிக்காரரிடமும் சொல்வான். "கை போறதுக்கு முன்னாடி அந்தக் கையால என்ன பண்ணணுமோ அதைப் பண்ணிட்டேன் சார்." சொல்லும்போது முகத்தின் அசையும் பாதி மலர்ந்துவிடும். அவன் சாப்பிடுவதும், நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதும், காலையில் சவரம் செய்துவிடச் சொல்லி நச்சரிப்பதும் அந்த ஒன்றை வைத்துத்தான். அது அவளுக்குத் தெரியும். மாத்திரைகளைவிட அது நன்றாக வேலை செய்தது.

இன்னொன்றும் அந்தச் சாயங்காலத்திலிருந்து வந்தது, ஒரு பாட்டு வரி. 'கையைத் தூக்க முடியல.' தாடி மேடையில் பாட, கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு கூடவே பாடியதாம். பிறகு பேண்டு போன இடமெல்லாம் அதைத்தான் கேட்டார்கள். போனில் வந்தது, கடைகளில் வந்தது, எதிர்த் தெருவில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் தினமும் வந்தது. ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் அந்த மெட்டில் நோயாளிகளுக்குக் கையைத் தூக்கிவிடுவார்கள். அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். தினமும், ஓய்வு பெற்ற பிறகு காலை பத்து மணிக்கு, அண்ணனுடைய செத்த கையை இரண்டு கையாலும் ஏந்தி, தோள் மட்டத்துக்குத் தூக்கி இறக்குவாள். அப்போது இருவரும் சேர்ந்து முனகுவார்கள். கையைத் தூக்க முடியல, கையைத் தூக்க முடியல. இருபது தடவை. அவனுக்குச் சிரிப்பாக இருக்கும்.

இனி அந்த வியாழக்கிழமை.

தாடி நான்கு நாள் முன்பே போன் செய்திருந்தான். அந்தக் கச்சேரியின் முழுப் பதிவையும் வெளியிடப் போகிறார்களாம். பத்தாவது வருடம் வருகிறதாம். கூட்டம் கூடப் பாடிய வரிதான் தலைப்பாம். வாசித்த எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் பழைய வழக்கப்படி எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை திரும்பக் கேட்க வேண்டும். பேண்டில் அது ஒரு சடங்கு மாதிரி. கேட்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"டிரம்ஸ்காரர் வர்றாரா?" என்று கேட்டாள்.

"அவனா? அவன் அந்த வாரமே பேண்டை விட்டுட்டான் தங்கச்சி. போன் எடுக்கறதில்ல. மனசு சரியில்லாத ஆளு. பாஸ் கித்தார்காரன் வெளிநாட்டுல, நானும் பதிவுக்காரரும்தான் வர்றோம்."

டிரம்ஸ்காரர் ஒன்பது வருடத்தில் ஒரு தடவையும் அண்ணனைப் பார்க்க வந்ததில்லை. ஆனால் மாதம் பிறந்தால் மருந்துக்கடை வண்டியில் பெரியவர்களுக்கான டயபர் பெட்டி ஒன்று வீட்டு வாசலில் இறங்கும். அனுப்பியவர் பெயர் இருக்காது. கடைக்காரர்தான் ஒரு நாள் உளறிவிட்டார். முகம் காட்ட வெட்கப்படும் நல்ல மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தாடி சென்ட் வாசனையோடு உள்ளே வந்தான். தாடிக்கு மை அடித்திருந்தான், மை கன்னத்திலும் கொஞ்சம் அப்பியிருந்தது. "டேய், ராஜா மாதிரி இருக்கியேடா!" என்று அண்ணனின் நல்ல தோளைத் தட்டினான். செயலிழந்த பக்கத்துக்கு அவன் எப்போதும் வர மாட்டான். பின்னாலேயே ஒலிப்பதிவுக்காரர், அறுபதை நெருங்கும் ஒல்லி மனிதர், மடிக்கணினியையும் இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு வந்தார். மேஜை மேலிருந்த மாத்திரை டப்பாவைக் கேட்காமல் நகர்த்தினார். அவள் அதை எடுத்து இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் பதிவுக்காரர். முகமெல்லாம் பெருமை. "அன்னிக்கு ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியா பதிவு பண்ணியிருந்தேன். அண்ணன் முன்னாடி இருந்த மைக்கோட சத்தத்தை அப்ப யாரும் ஏத்தி வைக்கல, மத்த சத்தத்துல அமுங்கிப்போச்சு. இப்ப மூணு மாசம் உட்கார்ந்து சுத்தம் பண்ணிட்டேன். அவர் மூச்சு விடறதுகூடக் கேக்கும். அவருக்கு நாங்க செய்யற மரியாதை."

"போடுங்க" என்றாள். அண்ணனின் இடது கை நகங்களை வெட்ட வேண்டிய நாள் அது. நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள். உள்ளங்கையில் வியர்வை ஊறிப் புளித்த நாற்றம் வந்தது. துடைத்தாள். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பாட்டு தொடங்கியது. கணினித் திரையில் நிமிடங்கள் ஓடின.

நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குப் பாட்டு தெரியாது. ஆனால் ஒருவர் தன் உடம்பைத் தன்னிஷ்டத்துக்கு ஆட்டி வைக்கிறாரா இல்லையா என்பது தெரியும். அண்ணனின் வலது கை மேலே ஓடியது, இடது கை கீழே கனமான சுரங்களை ஒரே சீராக வைத்துக்கொண்டு போனது, நடக்கத் தெரிந்தவனின் நடை மாதிரி. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தான். வாயோரத்தில் எச்சில் வழிந்தது. துடைத்தாள்.

முப்பத்தோராவது நிமிடத்தில் அந்த நடை மாறியது.

கீழ்ச் சுரங்கள் ஒரு மயிரிழை பிந்தின. பிறகு ஒன்று விட்டு ஒன்று விழுந்தன. ஒரு காலைச் செருப்போடு இழுத்துக்கொண்டு நடப்பவனின் சத்தம். அவளுடைய நகவெட்டி அப்படியே நின்றது. அந்த நடையை அவள் வார்டு வாசலில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள்.

மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டம் அதுதானே. முதலில் பாஸ் கித்தார் அதே மாதிரி இழுத்தது, அப்புறம் டிரம்ஸ் இழுத்தது, அப்புறம் தாடி. மூன்று தடவை. நொண்டி நடையை நான்கு பேர் சேர்ந்து நடந்து காட்டினார்கள். கூட்டம் விசிலடித்தது. தாடி இங்கே அறையில் விரலை உயர்த்தி, கேள் கேள் என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் கீபோர்டின் கட்டைகள் மேல் ஏதோ தொப்பென்று விழுந்தது. நாலைந்து கீழ்ச் சுரங்கள் ஒன்றாக அழுந்தி, விடாமல் உறுமின. கை விழுந்துவிட்டது. எடுக்க முடியவில்லை. அந்த உறுமலையும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அதன் மேல் ஒரு குரல் வந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து சுத்தம் செய்த குரல். நாக்கு தடித்து, ஓரம் மழுங்கி, சுவாசம் முட்டி வந்த அண்ணனின் குரல்.

"தாடி... கையைத் தூக்க முடியல."

அடுத்த நொடி தாடியின் சிரிப்பு. அடுத்த நொடி அவன் பாட்டு. "கையைத் தூக்க முடியல!" ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை மைதானமே பாடியது. ஆயிரக்கணக்கானவர்கள் பாடினார்கள், கையைத் தூக்கிக்கொண்டு. அவர்களுக்கு அடியில், பளிங்கு மாதிரித் தெளிவாக, அதே குரல்: "டேய்... என் கை... டேய்..."

அப்போதுதான் அவள் எழுந்து ஓடினாள்.

காலையில் குடித்த காப்பி, இரண்டு ரொட்டித் துண்டு, எல்லாம் வந்தது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தின் பாட்டு கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. சீழ் வாங்கியிருக்கிறாள், புழு எடுத்திருக்கிறாள். அப்போதெல்லாம் வராதது இப்போது வந்தது. ஏனென்றால் அந்த வரியை அவளும் பாடியிருக்கிறாள். ஒன்பது வருடம், நாளுக்கு இருபது தடவை, அந்தக் கையையே ஏந்திக்கொண்டு. அவன் உதவி கேட்டுக் கத்தியதை அவனுக்கே தாலாட்டாகப் பாடிக் காட்டியிருக்கிறாள். தன் வாயையே பல் தேய்க்கும் பிரஷால் இரண்டு தடவை தேய்த்தாள். நாற்றம் போகவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"வெயில் ஒத்துக்கலையா தங்கச்சி?" என்று தாடி கிசுகிசுத்தான்.

"கேக்கறப்ப பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே" என்றாள்.

மேலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அவள் ஒரு நொடியையும் விடவில்லை. வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்து மூச்சை எண்ணுவதுபோலக் கேட்டாள். வலது கை மட்டும் மேலே தனியாகத் தட்டுத் தடுமாறியது. எங்கோ தண்ணீர் பாட்டில் உருண்டது. ஒரு தடவை அவன் தாடியைக் கூப்பிட்டான், ஒரு தடவை "பாப்பா" என்றான். அப்போதும் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

எழுபத்திரண்டாவது நிமிடத்தில் முடிந்தது. மழை கொட்டுவது மாதிரிக் கைதட்டல். பதிவுக்காரர் நிறுத்தக் கையை நீட்டினார்.

"ஓடட்டும்" என்றாள்.

"இனிமே ஒண்ணுமில்லக்கா, சாமான் கட்டற சத்தம்தான்."

"ஓடட்டும்னு சொன்னேன்."

ஓடியது. வயர்களை இழுக்கும் சத்தம், பெட்டி மூடும் சத்தம். பிறகு இரண்டு குரல்கள், அந்தத் திறந்திருந்த மைக்கின் பக்கத்திலேயே.

டிரம்ஸ்காரர்: "அவன் வாய் ஒரு பக்கமா இழுத்திருக்குடா. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

தாடி: "போடா. மேடை ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு ரவுண்டு ஜாஸ்தி. தூங்கினா சரியாயிடும். அந்தப் பக்கம் பிடி."

பதிவுக்காரர் கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் துண்டை அவரும் இதுவரை கேட்டதில்லை என்பது தெரிந்தது. கைதட்டலோடு மூடிவைப்பதுதான் அவர் பழக்கம்.

பதிவு தொடங்கிய நேரம் ஏழு பத்து என்று திரையில் இருந்தது; எட்டு இருபத்திரண்டுக்கு முடிந்திருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். கை விழுந்தது ஏழு நாற்பது வாக்கில். எட்டே முக்கால், ஒன்பதுக்கு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கலாம். ஊசி போட இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சம். அவர்கள் அவனைக் கொண்டுபோய் லாட்ஜில் படுக்கவைத்து, செருப்பைக் கழற்றி, போர்த்திவிட்டிருக்கிறார்கள். சொன்னவரும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். அப்புறம் ஒன்பது வருடம் டயபர் அனுப்பியிருக்கிறார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அண்ணனை நிமிர்த்தி வைத்திருந்த ஒரே குச்சியை உருவியது போல ஆகும். அவன் கடைசிக் குரல்களைச் சரியாகக் கேட்டானா என்றுகூடத் தெரியவில்லை. கண்ணை மூடி, கைதட்டலிலேயே மிதந்துகொண்டிருந்தான். கன்னம் நனைந்திருந்தது. தாடி சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்து, பேனாவை அதன் மேல் வைத்தான்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். தாடியைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான். சின்ன வயதில் முதல் முதலாக ஒரு பாட்டை முழுதாக வாசித்துவிட்டு அவளிடம் கேட்டதையே இப்போதும் கேட்டான்.

"பாப்பா. நான் நல்லா வாசிச்சேனா?"

கேட்டுவிட்டான். இனி வேறு வழியில்லை.

"முப்பத்தோராவது நிமிஷம் வரைக்கும் நல்லா வாசிச்சே" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் உன் கை போயிடுச்சு."

"தூக்கத்துலதானே?"

"இல்லண்ணா. மேடையில. கை போச்சு, நீ சொன்னே. அதை இவங்க பாடிட்டாங்க."

"தங்கச்சி, அப்படி இல்ல!" தாடி எழுந்துவிட்டான். "இவன் எவ்வளவு விளையாட்டுக்காரன்னு உங்களுக்கே தெரியும். ஒரு கச்சேரியில முழங்கையால வாசிச்சான். இன்னொரு தடவை கீபோர்டு மேல தலையை வெச்சுத் தூங்கற மாதிரி நடிச்சான். அதையும்தான் நாங்க பாட்டாக்கினோம். எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன டாக்டரா?"

அதில் பொய் இல்லை. அண்ணன் அப்படிப்பட்டவன்தான். அது அவளுடைய குமட்டலைக் குறைக்கவில்லை.

அண்ணன் நல்ல கையால் நாற்காலியின் பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தான். "திரும்பப் போடு" என்றான்.

"எதுக்குண்ணா?"

"போடச் சொல்லு. முப்பதிலேர்ந்து."

பதிவுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். இந்தத் தடவை அண்ணன் கண்ணை மூடவில்லை. ஸ்பீக்கரையே பார்த்தான், எதிரே உட்கார்ந்து பேசும் ஆளைப் பார்ப்பதுபோல. நடை நொண்டியது, கை விழுந்தது, குரல் வந்தது, சிரிப்பு வந்தது, பாட்டு வந்தது. அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறக்கூடிய பாதியிலும் மாறவில்லை.

"டேய்" என்றான்.

"சொல்லுடா" என்றான் தாடி.

"நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"சத்தியமா கேக்கலடா. அந்தச் சத்தத்துல யாருக்கு என்ன..."

"கேட்டுத்தானேடா பாடினே."

தாடி சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினான். வாயைச் சுற்றிக் கறுப்பு மை வியர்வையில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஸ்பீக்கரில் மைதானம் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"நிறுத்து" என்றான் அண்ணன்.

அந்தப் பேண்டில் இருபத்தெட்டு வருடமாக யாரும் சொல்லாத வார்த்தை அது. பதிவுக்காரர் நிறுத்தினார்.

"கையெழுத்துப் போடறேன்" என்றான் அண்ணன். ஒவ்வொரு சொல்லையும் உருட்டி வெளியே தள்ள அவனுக்கு நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. "முப்பத்தோரு நிமிஷத்தோட வெட்டிடு. அது வரைக்கும் போட்டுக்கோ."

"டேய், அதுக்கப்புறம்தானேடா எல்லாரும் கேக்கறது! அந்த வரி இல்லாம இதை எவன் வாங்குவான்?"

"அதுக்கப்புறம் நான் வாசிக்கலடா. நான் வாசிக்காததுக்கு என் பேரைப் போடாதே."

"ஒன்பது வருஷமா அதைப் பாடிட்டு இருக்கேன். அதான்டா நம்ம பாட்டு."

"உன் பாட்டு. எடுத்துட்டுப் போ."

தாடி தங்கையைப் பார்த்தான். "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. ஒரு கலைஞனோட கடைசிக் கச்சேரி..."

"இந்தக் காகிதத்துல முப்பத்தோரு நிமிஷம்னு எழுதுங்க" என்றாள். "எழுதினா கையெழுத்து. இல்லேன்னா பன்னெண்டுக்கு அவருக்கு டயபர் மாத்தணும். கூட இருந்து ஒரு கை பிடிக்கறதுன்னா பிடிங்க."

தாடி காகிதத்தை மடித்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். செருப்பைக் கால் மாற்றி மாட்டி, திரும்பச் சரியாக மாட்டிக்கொண்டு போனது வாசலிலிருந்து கேட்டது.

பதிவுக்காரர் வயர்களைச் சுருட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "அக்கா, அன்னிக்கு ஹெட்போன் மாட்டிக்கிட்டு எல்லா மைக்கையும் கேட்டுக்கிட்டு இருந்தது நான்தான்" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். அவர் அதற்கு மேல் ஏதாவது சொல்வாள் என்று நின்றார். அவள் கதவைச் சாத்தினாள்.

தாடி உட்கார்ந்த நாற்காலியைக் கிருமிநாசினி ஊற்றித் துடைத்தாள். சென்ட் வாசனை போக ஜன்னலைத் திறந்தாள். பன்னிரண்டுக்கு டயபர் மாற்றினாள். பெட்டியில் இருந்ததில் கடைசிக்கு முந்தியது அது. மாதம் பிறந்தால் அடுத்த பெட்டி வரும். வந்தால் வாங்கி வைத்துக்கொள்வாள், அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். டயபர் என்ன பாவம் செய்தது. ஆனால் நல்ல மனுஷன் என்று இனி நினைக்க மாட்டாள்.

அண்ணன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரி அரைவயிறு சாப்பிட்டான். அவள் குறிப்பேட்டில் இரண்டையும் எழுதினாள்.

மறுநாள் காலை சவரம் செய்துவிடச் சொல்லி அவன் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. சோப்பைக் குழைத்துக்கொண்டு வந்து நின்றாள். கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். பத்து மணிக்கு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கையை ஏந்தினாள். கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. பழக்க தோஷம், தொண்டை தானாக மெட்டுக்குத் தயாரானது. பல்லைக் கடித்து விழுங்கினாள். கசந்தது.

"ஒண்ணு" என்றாள். தூக்கினாள். "ரெண்டு."

எட்டு வந்தபோது எதிர்த் தெரு உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்பீக்கரைப் போட்டார்கள். தினமும் அந்த நேரம்தான். கையைத் தூக்க முடியல, கையைத் தூக்க முடியல. முப்பது நாற்பது பேர், நல்ல ஆரோக்கியமான கைகளைத் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு கூடவே கத்தினார்கள். அண்ணனின் விரல்கள் அவள் கைக்குள் எப்போதும்போல மடங்கியே கிடந்தன. அவன் முகம் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியது.

அவள் கையை மெதுவாக மடியில் இறக்கி வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலை அறைந்து சாத்தினாள். உள்ளே புழுக்கம். இருவருக்கும் வியர்த்தது.

"எதுல விட்டோம்?" என்றாள் வந்து உட்கார்ந்து.

"எட்டு" என்றான் அண்ணன்.

"ஒன்பது" என்று தூக்கினாள்.